ராங் நம்பர் சொன்ன தெரு

ஏஞ்சல் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் கடை வாசலில், தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் எதிரில். அது அவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

கோவிலம்பாக்கத்தில் ஏரிக்கரைத் தெரு முனையில் என் மாமனார் முனிரத்தினம் கட்டிய வரிசைக் கடைகளில் முதல் கடை என்னுடையது. ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். அடுத்த கடை ஏஞ்சலுடையது. 'ஏஞ்சல் ஆன்லைன் சர்வீஸ்' என்று போர்டு. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒருபோதும் காலியாக இருக்காத இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். வருமானச் சான்றிதழ், ஆதார் திருத்தம், கரண்ட் பில், காலேஜ் அட்மிஷன் என்று எதற்கும் ஜனங்கள் அவளிடம்தான் வருவார்கள். இரண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். என் தையல் மெஷின் சத்தத்தையும் மீறி அவள் குரல் வரும். "சர்வர் பிஸியாம்! அதுக்கு மட்டுந்தான் வேல இருக்கா, எனக்கு இல்லியா?" என்று அவள் வெப்சைட்டோடு சண்டை போடுவதைத் தினமும் கேட்கிறேன்.

அவள் பிறந்ததே இந்தத் தெருவில்தான். அப்பா ரத்தினம் கல் குவாரியில் வேலை செய்து, நெஞ்சில் தூசி அடைத்து, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா எல்லம்மா ரேடியல் ரோட்டுப் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்து மகளைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தார். ஏஞ்சல் துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்களை டைப் அடிக்கப் போனாள். டைல்ஸ் போடுகிற சுகுமாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கம்பெனி மூடியதும் நேரே என் மாமனாரிடம் வந்து கடை கேட்டாள். அவர் இழுத்தார். "அந்தத் தெரு ஆளுங்களுக்கு இதுவரைக்கும் குடுத்ததில்லம்மா, யோசிக்கணும்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வாடகை தரப்போறது தெருவா, அவளா?" என்று உள்ளே இருந்தபடியே கேட்டேன். மருமகள் குரல் வாசல் வரைக்கும் வரும் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை. அன்று மாலையே சாவி கைமாறியது.

ஏஞ்சலிடம் ஒரு பழக்கம். யாருக்காக எதை எழுதினாலும் அவர்கள் சொன்ன வார்த்தையை மாற்ற மாட்டாள். மற்ற கடைகளில் 'மாண்புமிகு' என்று ஆரம்பித்து 'பணிவன்புடன்' என்று முடித்துக் கொடுப்பார்கள். ஜனங்களும் அதைத்தான் விரும்புவார்கள். இவள் கேட்க மாட்டாள். "நான் அழகா எழுதுனா அது என் மனுவா ஆயிடும்க்கா. அவங்க கேக்கறத அவங்க வாயாலதான் கேக்கணும்" என்பாள். இதில் பிடிவாதம் கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. நானும் சளைத்தவள் இல்லை என்றாலும் சொல்கிறேன்.

போன வருஷம் ஜோவிதாவுக்கு ஒரு போன் வந்தது. இதே தெருவில் இருந்து ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போகிற பெண். பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்னவன் "ஜோவிதாதானே?" என்றான், ஆமாம் என்றாள். ஓடிபி கேட்டான், கொடுத்தாள். அந்த மாதச் சம்பளம் அப்படியே போய்விட்டது. அவள் அழுததைப் பார்த்துவிட்டு ஏஞ்சல் கொதித்துப்போய்த் தெருவுக்கே வகுப்பு எடுத்தாள். "தெரியாத நம்பர்ல இருந்து எவன் பேர் சொல்லிக் கூப்ட்டாலும், நீங்க நீங்க இல்ல. புரிஞ்சிதா? ராங் நம்பர்னு சொல்லி வெச்சிடணும்."

அதோடு விட்டாளா? யார் யாருடைய போனையோ வாங்கி, குரலை மாற்றிக்கொண்டு, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சோதித்தாள். தன் பேரை ஒப்புக்கொண்டவர்களுக்கு மறுநாள் குழாயடியில் அர்ச்சனை விழும். அந்த அர்ச்சனைக்குப் பயந்தே தெரு முழுக்கத் தேறிவிட்டது. ஏரிக்கரைத் தெருப் பெண்களிடம் போனில் பேர் வாங்குவது இனி எமனாலும் ஆகாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் மினி பஸ் பேச்சு வந்தது. பல்லாவரம் ஸ்டேஷனிலிருந்து மேடவாக்கத்துக்கு ஒரு மினி பஸ் விடப்போகிறார்கள். எங்கள் தெரு வழியாக விடலாமா, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு வேண்டும் என்று பஸ் முதலாளி ஜனங்களிடம் கேட்கச் சொல்லியிருந்தார். கேட்கிற வேலையைத் தாம்பரத்தில் ஒரு மாடியில் இயங்கும் சின்ன ஆய்வு நிறுவனம் எடுத்திருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. அதைத் தட்டினால் பேர், போன் நம்பர், இமெயில், பஸ் வேண்டிய நேரம், கடைசியாக 'இந்த நேரத்தில் ஏன் வேண்டும்?' என்ற கேள்வி.

இந்தத் தெருவில் பாதிப் பெண்கள் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஐந்து மணிக்கே கிளம்பி, இருட்டில் ஏரிக்கரையோடு நடந்து மெயின் ரோட்டைப் பிடித்து, அதற்கப்புறமும் நடப்பார்கள். அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோ கிடையாது. ஐந்து மணிக்கு ஒரு பஸ் வந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லிங்க்கைத் தட்டி, கண்ணைச் சுருக்கிப் படித்து, எழுத்தெழுத்தாக அடிக்க அவர்களில் யாருக்கு வரும்? எல்லாரும் ஏஞ்சலிடம் வந்தார்கள். அவள் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் ஒருவராக உட்கார வைத்து, கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே அடித்தாள். இமெயில் இல்லாமல் அது நகர மாட்டேன் என்றது. வீட்டு வேலைக்குப் போகிற தேசம்மாவிடம் போய் இமெயில் கேட்டால் ரேஷன் கார்டை எடுத்து நீட்டுவார். அதனால் நாற்பது சொச்சம் பேருக்கும் தன் இமெயிலையே போட்டுவிட்டாள்.

ஒரு வாரம் கழித்துத் தாம்பரத்து நிறுவனத்திலிருந்து அந்த இமெயிலுக்கு ஒரு பதில் வந்தது. ஒரே நபர் பலமுறை நிரப்பியதால் அத்தனையும் நீக்கப்பட்டன என்று. ஏஞ்சல் உடனே போன் போட்டாள். எடுத்தது ரேஷ்மா என்ற பெண். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் பேசினாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, ஆன்லைன்ல யார் பதில் போட்டாங்கன்னு கண்டுபிடிக்க எங்களுக்கு வழி இருக்கு. எந்த போன்ல இருந்து வருது, எந்த மெயில், எவ்ளோ நேரத்துல முடிச்சாங்க, எல்லாம் தெரியும். உங்க விஷயத்துல எல்லாமே ஒரே ஆளைத்தான் காட்டுது."

"அடிச்சது நாந்தான் மேடம். ஆனா சொன்னது நான் இல்ல."

"நான் நம்பறேன்க்கா. எங்க பத்ரி சார் நம்பணுமே. அவர்தான் ரிப்போர்ட் குடுக்கணும். இந்தப் பதில் எல்லாம் போயிடுச்சுன்னா அஞ்சு மணி பஸ் கேட்டவங்க நாலஞ்சு பேர்தான். ஏழு மணி போதும்னு முடிச்சிடுவாங்க."

ஏஞ்சல் அசரவில்லை. "போன் நம்பர் எல்லாம் அவங்கவங்களுதுதான். கூப்ட்டுக் கேளுங்க. ஒருத்தர் விடாம சொல்லுவாங்க" என்றாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "முடிஞ்சிதுக்கா, பஸ்ஸு வந்த மாதிரிதான்" என்று கையைத் தட்டிக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். கிணறு தோண்டுமுன் குடத்தைக் கழுவி வைத்துவிடுவாள்.

மூன்றாம் நாள் ரேஷ்மாவே நேரில் வந்தாள். முகம் சரியில்லை. உட்கார்ந்ததும் சொன்னாள், "அக்கா, நாற்பது பேரையும் கூப்பிட்டோம். ஒருத்தர்கூட ஒத்துக்கல. தேசம்மாவான்னு கேட்டா ராங் நம்பர்ங்கறாங்க. பஸ் சர்வேன்னு சொன்னா, 'பஸ்ஸும் கெடையாது கிஸ்ஸும் கெடையாது, போன வைடா'ங்கறாங்க. பேசினது நான், ஒரு பொண்ணு. எல்லம்மான்னு ஒருத்தர்..." அவள் தயங்கினாள். "எல்லம்மா செத்து ஒரு மாசம் ஆவுதுன்னு சொன்னாங்க."

ஏஞ்சலின் அம்மா எல்லம்மா அப்போதுதான் எங்கள் எதிரில் கறிவேப்பிலைக் கட்டோடு தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஏஞ்சல் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். "நானே சொல்லிக் குடுத்து நானே கெடுத்துட்டேன்க்கா" என்றாள். எனக்குச் சிரித்ததற்கு வெட்கமாகிவிட்டது. ரேஷ்மாவுக்கு ஓடிபி கதையை நான்தான் விளக்கினேன்.

ஏஞ்சல் அரை நிமிஷத்தில் நிமிர்ந்தாள். "சரி. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். நாளைக்கு மறுபடி கூப்டுங்க."

"அதுதான் கூடாதுக்கா" என்றாள் ரேஷ்மா. "நீங்க சொல்லி அவங்க ஆமான்னு சொன்னா அதுக்கு மதிப்பே இல்லைன்னு பத்ரி சார் சொல்லிட்டார். நான் நேர்ல வந்து கேக்கறேன். ஆனா அதுவரைக்கும் நீங்க இதைப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாது. நான் கேக்கும்போதும் வாயத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தாலும் மொத்தமும் போயிடும்."

"பேச மாட்டேன்" என்றாள் ஏஞ்சல்.

நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். "இன்னாக்கா பாக்கறீங்க? பேச மாட்டேன்னா பேச மாட்டேன்" என்று எனக்கும் ஒன்று வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்களைக் கூப்பிடும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மேடம் வருகிறார், ஏஞ்சல் கடைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். கோயிலுக்குப் போனவர்கள், சர்ச்சுக்குப் போனவர்கள் எல்லாரும் வீடு திரும்பிச் சோறு தின்று முடித்து வந்தார்கள். கடை வாசல் நிறைந்துவிட்டது. ஏஞ்சல் தன் கடைப் படியில் உட்கார்ந்து, வாய்க்குக் காவலாகத் துப்பட்டாவை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ரேஷ்மா நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாள். "நீங்க எல்லாரும் பஸ் சர்வேக்குப் பதில் சொன்னீங்களா?" என்று கேட்டாள். எல்லார் கண்ணும் ஏஞ்சல் மேல். அவள் எதிர்வீட்டு மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பேர் என்னங்கம்மா?" என்று ரேஷ்மா தேசம்மாவிடம் கேட்டாள்.

"இன்னாத்துக்கு?" என்றார் தேசம்மா.

ஏஞ்சல் சொல்லிக் கொடுத்த பாடத்தை இவர்கள் இப்படியா பிடித்துக்கொள்ள வேண்டும்! அவள் கழுத்து நரம்பு புடைப்பது எனக்குத் தெரிந்தது. 'சொல்லித் தொலைங்களேன்' என்று என் நாக்கு நுனி வரை வந்ததை நான்தான் கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

ரேஷ்மா கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்தாள். "சரி, உங்க பேர் எனக்கு வேண்டாம். கடைசிக் கேள்விக்கு வந்த பதிலைப் படிக்கறேன். பாதியில நிறுத்திடுவேன். யார் சொன்னதோ அவங்க மீதிய முடிங்க." அவள் படித்தாள்.

"'ஏரிக்கரைல ஆறு நாய் கீது. நான் ரெண்டுக்குத்தான் பிஸ்கட் போடுறேன்...'"

"'மீதி நாலும் கோச்சிகினு கடிக்க வருது!'" என்று ஜோவிதா பின்வரிசையிலிருந்து கத்தினாள். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலே சிரித்தது.

"'எங்க மேடம் வாட்ச்சப் பாத்துகினேதான் கதவத் தொறப்பாங்க...'"

"ஏய், அது என்து!" தேசம்மா எழுந்தே விட்டார். "'ஒரு நாளாவது அவங்க தூங்கிகினு இருக்கும்போது நான் போயி பெல் அடிக்கணும்.' அப்டித்தானே எய்திகீது? ஒரு எய்த்து மாறிச்சா பாரு!"

ஒரு எழுத்து மாறவில்லை. ரேஷ்மா டேப்லெட்டிலிருந்து நிமிர்ந்து ஏஞ்சலைப் பார்த்தாள். அதற்கப்புறம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க, அதைச் சொன்னவர் கைக்குழந்தையைப் பிடுங்குகிற மாதிரி எழுந்து வாங்கிக்கொண்டார். ஒரு பதிலுக்கு இரண்டு பேர் சண்டைக்கு நின்றார்கள். 'இருட்டுல ஒருத்தன் பைக்க ஸ்லோ பண்ணிகினே வந்தான்' என்பது அது. இரண்டு பேருக்கும் நடந்ததுதான் போலிருக்கிறது. ஆனால் 'அன்னியிலருந்து சாவிக்கொத்த கைல இறுக்கிப் புட்சிகினு போறேன்' என்ற மீதியைச் சொல்ல ஒருத்தியால்தான் முடிந்தது. மற்றவள் சர்வே பக்கமே வராதவள் என்று தெரிந்தது. மூன்று பேருக்குச் சொன்னதே மறந்துபோயிருந்தது; அந்த மூன்றையும் ரேஷ்மா தயவு பார்க்காமல் பட்டியலிலிருந்து நீக்கினாள். ஏஞ்சல் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்து, துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டாள். பாவமாக இருந்தது, ஆனாலும் சத்தியம் காத்தாள்.

எல்லம்மாவும் தன்னுடையதைச் சொல்லி முடித்திருந்தார். முட்டி வலி பற்றித்தான். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, மகளோடுதான் இருக்கிறார். வேலையை விடு என்று ஏஞ்சல் சொல்வதும், கை கால் ஓடுகிறவரை எவள் கையையும் எதிர்பார்க்க மாட்டேன் என்று அவர் சொல்வதும் அந்த வீட்டில் ஓயாத சண்டை. கொஞ்ச நாளாக இரண்டு பேரும் அவசியத்துக்கு மட்டும்தான் பேசிக்கொண்டார்கள்.

ரேஷ்மா கடைசிப் பதிலுக்கு வந்தாள்.

"'வேலைய விடும்மான்னு எங்க அம்மாகிட்ட சொல்லிப் பாத்துட்டேன், சண்ட போட்டும் பாத்துட்டேன். காலைல அவங்க கதவச் சாத்துற சத்தம் கேக்கும்போது...'"

யாரும் எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருடிமா இது, பெத்தவளுக்குப் பரிஞ்சிகினு எய்துனது?" என்று எல்லம்மா திரும்பிப் பார்த்துக் கேட்டார். "சொல்லேன் கண்ணு. இதுல இன்னா வெக்கம்?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. ஏஞ்சலைப் பார்த்தேன். துப்பட்டா வாயில் இருந்தது. கண் இரண்டும் நிறைந்திருந்தது. ரேஷ்மா அவள் பக்கம் திரும்பி, "அக்கா, இது உங்க பதில். இதுக்கு நீங்கதான் பேசணும்" என்றாள்.

ஏஞ்சல் துப்பட்டாவை எடுத்தாள். "'கதவச் சாத்துற சத்தம் கேக்கும்போது நான் முழிச்சிகினுதான் இருக்கேன். கூடவே நடக்கணும்னு இருக்கும். போனா கோச்சிக்குவாங்கன்னு படுத்தே கெடக்கறேன். அவங்க ஒக்காந்து போறதுக்கு ஒரு சீட்டு குடுங்க.'"

எல்லம்மா படிக்குப் பக்கத்தில் வந்தார். "முழிச்சிகினா இருந்த? ஒன்ன எழுப்பிடக் கூடாதுன்னு நான் செருப்பக் கைல எடுத்துகினு இல்ல தெரு முனை வரிக்கும் போறேன்."

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? தேசம்மா மூக்கைச் சிந்தினார். ரேஷ்மா டேப்லெட்டை மூடிவிட்டு, "மீதி எல்லாம் கணக்குல சேரும்க்கா. பத்ரி சாருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றாள். சொன்ன மாதிரியே செய்தாள். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு பஸ் முதலாளி ஒத்துக்கொண்டார்.

முதல் பஸ் வந்த அன்றைக்குக் காலை ஐந்து மணிக்கு, வேலைக்குப் போகாதவர்கள்கூடத் தெரு முனைக்கு வந்திருந்தோம். எல்லம்மா எல்லாருக்கும் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். "யாரு சொல்லிம்மா இந்தத் தெருவுக்கு இந்நேரத்துல பஸ் விட்டிருக்காங்க?" என்று கண்டக்டர் சும்மா கேட்டார்.

"எல்லம்மா பொண்ணு கேட்டா, வுட்டாங்க" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"எந்த எல்லம்மா?"

"நாந்தான் எல்லம்மா!"

"நான் மட்டும் கேக்கலம்மா, நாப்பது பேரும் சேந்துதான் கேட்டோம்" என்று கீழே நின்ற ஏஞ்சல் பதறிக்கொண்டு திருத்தப் போனாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.